அண்ணி இறக்கிய எஞ்சின்

எஞ்சின் செயின் பிளாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. பானட் கழற்றிய காருக்குள் குனிந்தபடி, ஒரு கையால் அதை ஆடாமல் பிடித்திருந்தார் அண்ணி. சங்கிலி என் கையில். "மெதுவா வுடு தம்பி. நான் சொல்லாம கைய எடுக்காத" என்றார். அவரை நம்பாமல்தான் நான் அங்கே நின்றிருந்தேன்.

அண்ணன் மைன்ஸில் வேலையிலிருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். வாரிசு வேலை அண்ணிக்குக் கிடைத்தது. ஒர்க்‌ஷாப்பில் ஹெல்ப்பராகச் சேர்ந்தவர் ஃபிட்டராக ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய மாதத்தில், அண்ணன் வாங்கிய பழைய காரின் எஞ்சினில் விரிசல் விழுந்துவிட்டது. "எடைக்குப் போட்டுடலாம்" என்று சொன்ன முதல் ஆள் நான்தான். அண்ணியோ பண்ருட்டியில், பின்பக்கம் நசுங்கிக் கிடந்த அதே மாடல் வண்டியிலிருந்து ஓர் எஞ்சினை வாங்கி வந்தார். எஞ்சின் நம்பரை மாற்றிப் பதிவதற்கான தாள்களையும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கையோடு எழுதிக் கொடுத்துவிட்டார். வாசலில் இரும்புக் குழாய்களை முக்காலியாக நட்டு, அதில் செயின் பிளாக்கை மாட்டினார். பழையதைத் தூக்க ஒரு நாள் போதுமாக இருந்தது.

புதியதுதான் மக்கர் செய்தது. கியர்பாக்ஸோடு சேராமல் ஒரு விரல் இடைவெளியில் நின்றது. மூன்று நாள் முயன்றோம். பக்கத்து வீட்டு ஃபோர்மேன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "போல்ட்ட போட்டு இறுக்கும்மா, தானா உள்ள பூந்துடும்" என்றார்.

"இறுக்குனா கியர்பாக்ஸ் மூடி ஒடையும் சார். ஒடைச்சி சேக்கறதுக்கா இத்தன பாடு?"

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அன்று மாலை, அண்ணியிடம் சொல்லாமல், காரை எடைக்கு எடுத்துப் போகச் சொல்லி சேத்தியாத்தோப்பு இழுவை வண்டிக்கு நான் போன் செய்தேன். அது நல்லதுக்கென்றே அப்போது நினைத்தேன்.

மறுநாள் வண்டி வந்து நின்றது. அண்ணி டிரைவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"இத்தன வருசம் ரெண்டாளு மூணாளு ஒசரத்து மிசினு மேல ஏறி வேல பாத்தேன். இது என் இடுப்பு ஒசரம்கூட இல்ல. நான் இன்னும் முடியலன்னு சொல்லல, நீ யாரு சொல்றதுக்கு?"

இழுவை வண்டி திரும்பிப் போனது. அண்ணி எஞ்சினை மறுபடி வெளியே தூக்கினார். கிளட்ச் தட்டு நடுவில் இல்லை, நூலளவு இறங்கியிருந்தது; அதனால்தான் கியர்பாக்ஸின் தண்டு அதன் துளைக்குள் நுழையவில்லை. சீவிய கட்டையொன்றைத் துளையில் செருகி, தட்டை நடுவுக்குக் கொண்டுவந்து முடுக்கினார். இம்முறை எஞ்சின் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. அண்ணி சிரிக்கவில்லை. அடுத்த ஸ்பேனரைக் கேட்டார்.

காலி செய்யும் நாளன்று, பாத்திரங்களைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு அவரே ஓட்டிப் போனார்.

இப்போது வடக்குத்து கிராமத்தில் சொந்த வீடு. அவசரமென்றால் தெருவில் யார் கேட்டாலும் காரைக் கொடுத்துவிடுகிறார். எனக்கு மட்டும் பக்கத்து சீட்தான். போகும் வழியெல்லாம் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வருகிறார். இழுவை வண்டியைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை இல்லை. சாவியை நானும் கேட்டதில்லை.