பக்கத்து மேஜைக்குச் சொன்ன பதில்

என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. நான் கேள்வி கேட்டால் விடை தெரிந்த பிள்ளைகள் எழுந்து நிற்க வேண்டும். விடையைச் சொன்னதும் சட்டென்று உட்கார்ந்துவிட முடியாது. பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் அதைப் புரியவைத்து, அது தன் வாயால் சொன்ன பிறகுதான் இரண்டு பேரும் உட்காரலாம். இதை நான் ஏதோ பெரிய கல்விப் புரட்சி என்று ஆரம்பிக்கவில்லை. மலைமேல் எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் ஒரே ஹால், கணக்குக்கும் அறிவியலுக்கும் நான் ஒருத்தி. எனக்கென்ன பத்துத் தலையா இருக்கிறது?

ஆனால் அந்த முறை பலித்தது. ஆறாம் வகுப்புக்கு வரும்போது எழுத்துக் கூட்டத் திணறிய பிள்ளைகள், அரையாண்டுக்குள் பாடப் புத்தகத்தைத் தட்டுத் தடுமாறியாவது வாசித்தார்கள். பின்னம் என்றால் பயந்து ஓடியவர்கள், ஒருவருக்கொருவர் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டினார்கள். அதைப் பார்க்க ஒரு ஈ காக்கை வராது. மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள், மலைப் பாதையில் வந்த தலைசுற்றல் தீர ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்கள். "என்ன பிரைசு வாங்கியிருக்கீங்க?"

எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். மூன்று வகுப்பில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். எட்டு முடிந்தால் எங்கள் பள்ளி முடிந்தது. ஒன்பதாவது படிக்க மலையிறங்கி, ஹாஸ்டலில் தங்கி, அரூரில்தான் சேர வேண்டும். அவள் அப்பா அனுப்ப மாட்டேன் என்றார். வம்புக்காரர் இல்லை, சாமை போட்டுப் பிழைக்கிற சாதுவான மனிதர். பள்ளிக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நிதானமாகச் சொன்னார்.

"பெரியவள அனுப்புனப்பவும் டீச்சருங்கதான் சொன்னாங்க, நல்லாப் படிக்குதுன்னு. போன வருசமே ஃபெயிலாகித் திரும்பி வந்துட்டா. ஊரே சிரிச்சுது. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. கண்ணுல பாக்கற மாரி ஒண்ணு காட்டுங்க. அரூர்ல நடக்குற போட்டியில இவ பிரைசு வாங்கிட்டு வரட்டும், நானே கொண்டுபோயி ஹாஸ்டல்ல வுடறேன்."

வினாடி வினாப் போட்டி. பள்ளிக்கு ஒருவர். சரி, இதைவிடச் சுலபமான நிபந்தனை எனக்கு வேறென்ன கிடைக்கப் போகிறது என்று நினைத்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், பள்ளி விட்ட பிறகு, பஸ் வரும்வரை என்று அவளைப் போட்டு வறுத்து எடுத்தேன். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அவளைச் சுற்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புச் சில்லறைகளுக்கே பாதி விடை மனப்பாடமாகிவிட்டது.

போட்டியன்று அரூரில் சமவெளியிலுள்ள கீழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் ஷூவும் டையுமாக வந்திருந்தார்கள். இவள் ரப்பர் செருப்பு. சுற்றுச் சுற்றாக எல்லாரும் கழன்றுகொண்டே வர, கடைசியில் மேடையில் இரண்டு மேஜைகள். ஒன்றில் இவள், இன்னொன்றில் கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். இருவருக்கும் சம மதிப்பெண். கடைசிக் கேள்வி அந்தப் பெண்ணுக்கு. அவள் சொல்லாவிட்டால் கேள்வி இவளுக்கு வரும்.

"தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல மாற்றும் வாயு எது?"

எங்கள் ஹாலில் கிளாஸில் சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளியவைத்து, ஸ்ட்ரா போட்டு ஊதி ஊதி, வெள்ளையாக மாறியதும் கூரை பறக்கக் கத்திய பிள்ளைகள் இவர்கள். இவளே ஊதினாள். அந்தப் பெண்ணோ திருதிருவென்று விழித்தாள். மைக்கைப் பார்த்தாள், நடுவரைப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா இருந்தால் போதும். இன்னும் கொஞ்ச நேரம் இவள் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் போதும்.

இவள் எழுந்து நின்றாள். பக்கத்து மேஜைப் பக்கம் சாய்ந்து, வகுப்பில் சொல்கிற அதே குரலில், ஹால் முழுக்கக் கேட்கும்படி, "நாம வெளிய வுடுற காத்து. ஊதுனா வெள்ளையா வரும் பாரு. கார்பன் டை ஆக்சைடு, சொல்லு" என்றாள். அந்தப் பெண்ணும் சொன்னாள். அவள் சொல்லி முடித்ததும் இவள் திருப்தியாக உட்கார்ந்தாள்.

அட கடவுளே! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். அந்தக் கேள்வியை ரத்து செய்தார்கள். முறை வராமல் பேசியதற்காக இவளுக்கு மதிப்பெண் குறைத்தார்கள். கப்பு கம்பைநல்லூர்ப் பக்கம் போனது. நான் மேடையேறிச் சண்டைக்கே போய்விட்டேன். "சார், அவ ஏமாத்தலீங்க, சொல்லிக் கொடுத்தா. அவளுக்கு விடை தெரியும்னு இந்த ஹாலுக்கே தெரியும்."

"போட்டியில சொல்லிக் கொடுக்கிறதும் தப்புதாங்க டீச்சர்" என்றார் ஒரு நடுவர். அவர் சொன்னதில் தவறில்லை. அதனால்தான் ஆத்திரம் இரண்டு மடங்காக வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். வளைவுக்கு வளைவு திட்டிக்கொண்டே வந்தேன். அறிவிருக்கா, உன் வாழ்க்கையாச்சே, அந்தப் பெண் உனக்கு மாமன் மகளா என்று என்னென்னவோ கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்சுதே டீச்சர், அது போதாதுங்களா?" என்றாள். "வாய மூடிக்கிட்டு வா" என்றேன்.

அவள் அப்பா களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பங்கேற்றதற்காகக் கொடுத்த சான்றிதழைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முன்னும் பின்னும் பார்த்தார்.

"இது வந்தவங்க எல்லாருக்கும் குடுக்கறதுதானுங்களே?"

"ஆமாங்க. ஆனா விடை சொன்னது உங்க பொண்ணுங்க. அந்தப் புள்ளைக்கே சொல்லிக் கொடுத்தவ இவ."

"செரிங்க. கப்பு ஆருகிட்ட இருக்குது?"

படிப்பதற்கும் கப்புக்கும் சம்பந்தமில்லை என்று தொண்டை வற்றப் பேசினேன். பிரைசு பிரைசு என்று வருஷம் முழுக்க அவர் காதில் ஓதியது நாங்கள், இப்போது அதில் ஒன்றுமில்லை என்றால் அவர் எப்படி நம்புவார்? கோபப்படாமல், குரலை உயர்த்தாமல் சொன்னார். "ஊரு முன்னாடி சொன்ன பேச்சுங்க. மாற மாட்டேன்." அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் வரை விடவில்லை. போய்ப் போய் நின்றேன். மேலதிகாரிகளிடம் சொன்னேன். வந்து பேசுகிறோம் என்றார்கள், எந்தப் பஸ்ஸிலும் யாரும் வந்து இறங்கவில்லை. பள்ளியின் சாதனைகளைப் போட்டோவுடன் அனுப்பச் சொல்லி மட்டும் மறக்காமல் வாட்ஸப்பில் செய்தி வந்தது. போனைத் தூக்கி எறியாமல் இருந்ததே என் சாதனை.

அடுத்த வருஷம் அதே போட்டிக்கு வேறொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு அரூர் போனேன். போட்டி நடக்கும் அரூர்ப் பள்ளியின் ஹால் வாசலில், அங்கேயே ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தி வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். போன வருஷம் கப்பு வாங்கிப் போன பெண்.

"டீச்சர், அவ எந்த ஸ்கூல்ல சேந்திருக்காளுங்க? அன்னிக்கு மேடையவிட்டு எறங்குறப்ப, ஒம்பதாவதுக்கு இங்கதான் வருவேன்னு சொன்னா. அதனாலதான் நானும் எங்கப்பாகிட்ட அடம் புடிச்சு இங்க வந்து சேந்தேன். வரவே இல்லீங்க."

"அவ படிக்கல கண்ணு. வூட்டுலதான் இருக்கா. காட்டு வேலைக்குப் போறா."

தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க டீச்சர்? ஃபெயிலாயிட்டாளா?"