ஆறு வரி சிவப்பு

மேல்மாடிச் சிறுமி நேற்று தன் தவணை அறிக்கையோடு வந்தாள். தாய் வேலையால் வரும்வரை அவள் என் வீட்டில்தான் இருப்பாள்; அவளுடைய அன்பில் பாதி எனக்கு, பாதி என் பிஸ்கட் தகரத்துக்கு. "பாருங்கோ அன்ரி" என்று நீட்டினாள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். எல்லாம் கணினியில் அடித்த எழுத்து. கெட்டிக்காரி என்பதும் கறுப்பு, கணக்கில் கவனம் போதாது என்பதும் கறுப்பு. நான் தாளை இரண்டு மூன்று தரம் திருப்பியதைக் கண்டு, "என்ன தேடுறீங்கள்?" என்றாள். "சிவப்பு மை" என்றேன். அன்ரிக்கு வயது போய்விட்டது என்று நினைத்திருப்பாள். பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

உங்களுக்காவது சொல்கிறேன். வெள்ளைக்காரன் இன்னும் ஆண்டுகொண்டிருந்த காலம், யுத்தம் முடிகிற தறுவாய். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. அடுத்த வீடு நாகேஸினுடையது. இருவருக்கும் ஒரே பெண்கள் பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஒற்றுமை அவ்வளவோடு சரி. அவள் மூளைசாலி, நான் வாயாடி. என் அப்பாவுக்குக் கொட்டாஞ்சேனையில் எண்ணெய்க் கடை, அவளுடைய அப்பாவுக்குக் கொள்ளுப்பிட்டியில் சுருட்டுக் கடை. விடியப் போனால் பொழுதுபட்டுத்தான் இருவரும் வருவார்கள். ஆகவே பிள்ளைகளின் படிப்பு அம்மாமாரின் இலாகா.

அம்மாமார் தமிழ்ப் பத்திரிகையை ஓர் எழுத்து விடாமல் வாசிப்பார்கள். ஆங்கிலத்திலோ தங்கள் பெயரைக் கையெழுத்தாக வரைய மட்டும் பழகியிருந்தார்கள். பள்ளிக்கூடம் ஆங்கிலத்தைத் தவிர வேறொன்றிலும் மூச்சு விடாது. அது எழுதி அனுப்புவதை வீட்டுக்குக் கொண்டுபோய், வாசித்து, தமிழில் சொல்லி, கையெழுத்து வாங்கிக் கொடுப்பது மாணவியின் பொறுப்பு. குற்றவாளியே மொழிபெயர்ப்பாளரும். இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பிறகு எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை.

ஆனால் முன்பெல்லாம் அந்த ஏற்பாட்டால் எனக்குப் பெரிய பலன் இருக்கவில்லை. அறிக்கையில் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போடுவார்கள். இருபத்தெட்டை அம்மா நன்றாகவே வாசிப்பார். அந்த வருடந்தான் சீமையிலிருந்து புதிய தலைமை ஆசிரியை வந்தார். நாங்கள் பெரிய மிஸ் என்போம். வந்த கையோடு அவர் புள்ளிகளை ஒழித்தார். இனி அறிக்கையில் வசனம் மட்டுந்தான். பாராட்டென்றால் நீல மை, திருந்த வேண்டியதென்றால் சிவப்பு மை. இந்த மாற்றத்தை விளக்கிப் பெற்றோருக்கு ஒரு கடிதமும் எழுதினார். ஆங்கிலத்தில்தான், எங்கள் கையில்தான்.

அந்த யுத்தகாலத் தாளின் மணம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது. நனைந்த சாக்கைக் காயப் போட்டது போன்ற மணம். நீல மை அதில் ஒழுங்காக நிற்கும். சிவப்பு மை ஊறி, மறுபக்கத்திலும் எட்டிப் பார்க்கும். அம்மா மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது கடிதத்தை வாசிக்கத் தொடங்கினேன். புள்ளி இனி இல்லை என்ற வரிக்கு வந்திருப்பேன். அம்மா கையைத் துடைத்துவிட்டு அறிக்கையைப் பறித்தார். நீலம் ஒரு வரி, சிவப்பு ஆறு வரி.

"எடியே, சிவப்பில எழுதியிருக்கினம்! ஆறு வரி! கலியாண அழைப்புக் காட்டைக்கூடச் சிவப்பிலதானே அடிக்கிறது. அப்ப இது விசேஷமான பிள்ளையளுக்கு எழுதுறது, என்ன?"

நான் பொய் சொல்லவில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். தலையை மட்டும் ஆட்டினேன். நிறங்களை விளக்கிய கடிதத்தின் இரண்டாம் பாதியை வாசிக்காமலே மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தேன். அம்மா அறிக்கையைச் சாமிப்படத்தின் கீழே வைத்து, முதலாவது சிவப்பு வரியின் தலைப்பில் ஒரு குங்குமப் பொட்டும் இட்டார். அதே சூட்டோடு அடுத்த வீட்டுக்குப் போய், நாகேஸின் தாயார் தங்கம்மா மாமியிடம் காட்டினார். மாமி தன் மகளின் அறிக்கையைக் கொண்டுவந்தார். மேலிருந்து கீழ்வரை ஒரே நீலம்.

நல்ல காலம், நாகேஸ் அந்தக் கடிதத்தை மாமிக்கு இன்னும் வாசித்துக் காட்டியிருக்கவில்லை. நாகேஸைக் கிணற்றடிக்கு இழுத்துப் போய், வாய் திறப்பதில்லை என்று பிள்ளையார் மேல் சத்தியம் வாங்கினேன். அவள் சிரித்துக்கொண்டே செய்து தந்தாள். அப்போது அது இரண்டு பேருக்கும் நல்ல பகிடியாகத்தான் இருந்தது.

அடுத்த தவணை எனக்கு எட்டு வரி சிவப்பு, நீலம் அதே ஒரு வரி. அம்மா கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். நாகேஸுக்கு மறுபடியும் முழு நீலம். மதிலுக்கு அப்பால் மாமியின் குரல் கேட்டது.

"விடிய விடியப் புத்தகத்தோட கிடக்கிறாய், ஒரு வரி சிவப்பு வாங்கத் தெரியேல்ல! அந்தப் பிள்ளை புத்தகத்தைத் தொடாமலே எட்டு வாங்குது. உனக்குப் படிப்பு ஏறாது. வெள்ளிக்கிழமை மாமா ஊருக்குப் போறார், அவரோட போய்த் தையல் பழகு."

நான் சிரிப்பை நிறுத்தினேன். அன்று திங்கட்கிழமை. பள்ளியால் வரும்போது தண்டவாளத்துப் பக்கமாக நடந்தோம். நாகேஸ் அழவில்லை. "நான் சத்தியம் பண்ணினனான், சொல்லமாட்டன். நீதான் சொல்லோணும்" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். செவ்வாய்க்கிழமையும் நாளைக்கு என்றேன். சாமிப்படத்தடியில் இரண்டு அறிக்கைகள், இரண்டு குங்குமப் பொட்டுகள். அதைப் பார்த்தால் என் வாய் ஒட்டிக்கொள்ளும்.

புதன்கிழமை மாமிக்கு ஒரு யோசனை வந்தது. கடைசியாக ஒருமுறை பெரிய மிஸ்ஸையே போய்க் கேட்பது. துணைக்கு, எட்டு வரி கண்ட அனுபவசாலியான என் அம்மா. மொழிபெயர்க்க, வேறு யார், நான். இரண்டு அம்மாமாரும் பட்டுச்சேலை சரசரக்க ஒரே ரிக்‌ஷாவில் ஏறினார்கள். இழுப்பவன் மூச்சு வாங்கினான். காலி வீதியில் அதன் பின்னால் நானும் நாகேஸும் ஓடினோம். பாதி வழியில் எனக்குப் பயத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் விலாவைப் பிடித்துக்கொண்டு ஓடினோம்.

சுவரில் அரசரின் படம். அதன் கீழே பெரிய மிஸ். மாமி நாற்காலியின் நுனியில் இருந்துகொண்டு, "எங்கட பிள்ளைக்கு ஏன் ஒரு வரியாவது சிவப்பில எழுதேல்ல எண்டு கேள் பிள்ளை" என்றார்.

மாமி உங்களுக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

பெரிய மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. நாகேஸ்வரி இந்தப் பள்ளிக்கூடத்தின் முதல் மாணவி, வருகிற வருடம் ஒரு வகுப்பைத் தாண்டி மேலே போடப் போகிறோம், விட்டால் டாக்டராகவும் வருவாள் என்றார். அதை ஒரு சொல் பிசகாமல் தமிழில் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் நேர்மையான மொழிபெயர்ப்பு அது. மாமி ஒரு சொல்லையும் நம்பவில்லை.

"சும்மா சமாளிக்கிறா. அப்பிடியெண்டால் சிவப்பு எங்க? இந்தா, இவளுக்கு எட்டு வரியெல்லோ!"

இதைக் கேட்டு என் அம்மா பெருமையை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அடக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாசலில் நின்ற நாகேஸைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிவப்பெண்டால் பிழை, மாமி. எட்டும் பிழை. நாகேஸிட்டப் பிழையே இல்லை" என்றேன்.

அம்மா மெல்ல நிமிர்ந்தார்.

"அப்ப நான் குங்குமம் வைச்ச வரி?"

"வகுப்பில கதைக்கிறது, அம்மா."

முதலில் வெடித்தவர் மாமி. சேலைத் தலைப்பை வாயில் அடைத்தும் அவருடைய சிரிப்பு நிற்கவில்லை. என்ன நடக்கிறது என்று பெரிய மிஸ் கேட்டார். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன், குங்குமம் உட்பட. அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அவருடைய தோள் குலுங்கியது.

திரும்பும்போது ரிக்‌ஷாவில் மாமியும் நாகேஸும். அம்மா என்னோடு நடந்து வந்தார். ஒழுங்கை முனையில் நின்று, கொண்டுவந்த அறிக்கையை என் கையில் வைத்தார். "இப்ப எல்லாத்தையும் வாசி." எட்டுப் பிழைகளையும் வெயிலில் நின்று வாசித்தேன். "அந்த நீல வரி என்ன?" என்று கேட்டார்.

"நல்ல சிநேகிதி எண்டு எழுதியிருக்கு."

"அதையெல்லோ சிவப்பில எழுதியிருக்கோணும்" என்றார் அம்மா. அடி விழுந்திருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்காது.

வெள்ளிக்கிழமை நாகேஸின் மாமா தனியே ஊருக்குப் போனார். அடுத்த தவணை முதல் பள்ளிக்கூடத்துக் கடிதங்களோடு தமிழிலும் ஒரு தாள் வந்தது. என் உத்தியோகம் போய்விட்டது. நாகேஸ் வகுப்பைத் தாண்டினாள், டாக்டரானாள், சீமைக்கும் போனாள். அங்கிருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று கடிதம் எழுதுவாள். எல்லாம் நீல மை. கடைசி வரி மட்டும் சிவப்பு. "கணக்கில் கவனம் போதாது. வகுப்பில் பேச்சு அதிகம்." ஐம்பது வருடத்துக்கு மேலாக ஒரு கடிதத்திலும் அவள் அதை விட்டதில்லை. நானும் உறையைக் கிழித்ததும் முதலில் அந்த வரியைத்தான் பார்ப்பேன், பார்த்துத் தனியே சிரிப்பேன். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்பதை ஒவ்வொரு முறையும் அதில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ரிக்‌ஷா போய்விட்டது. பெரிய மிஸ்ஸும் மாமியும் அம்மாவும் போய்விட்டார்கள். எங்கள் வீடிருந்த இடத்தில் ஏழு மாடி நிற்கிறது. போன வருடம் நாகேஸின் மகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கணினியில் அடித்த நான்கே வரி, எல்லாம் கறுப்பு. அதையும் நான் இரண்டு மூன்று தரம் திருப்பிப் பார்த்தேன்.