ஏழு பேர் கையெழுத்திட்ட நற்சான்று

அவர்கள் ஏழு பேரும் எனக்கு நல்லது செய்ததாகத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துத் தொலையட்டும்.

தில்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பு, மத்திய அரசில் வேலை பார்த்த தமிழர்கள் சேர்ந்து கட்டிக்கொண்டது. நானும் ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர்தான். போன வருஷம் சொசைட்டித் தலைவர் தேர்தலுக்கு மனு போட்டேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று: கீழ்த்தளத்தில் பூட்டிக் கிடக்கும் கழிப்பறையை, வேலைக்கு வரும் பெண்களுக்குத் திறந்துவிட வேண்டும். என் வீட்டில் வேலை செய்யும் பெண் மதராசி கேம்ப் என்கிற தமிழர் குடிசைப் பகுதியில் இருந்தவள். கேம்ப்பை இடித்த பிறகு தில்லியின் அந்தக் கோடியில் இருக்கும் நரேலாவிலிருந்து பஸ் மாறி மாறி வருகிறாள். காலையில் கிளம்பினால் வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டுதான் வேலை. பல வருஷமாகத் தலைவர் நாற்காலியில் இருந்த ஓய்வுபெற்ற ஜாயின்ட் செக்ரட்டரி, கழிப்பறையைத் திறந்தால் சுகாதாரம் கெடும் என்பார். யாருடைய சுகாதாரம் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

மனு போட்ட நாலாம் நாள், ஆபீஸில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து ஒரு வீடியோ வந்தது. முகம் என்னுடையது. பொங்கல் விழா மேடையில் நான் பேசியதிலிருந்து எடுத்திருந்தார்கள், அதே மூக்குத்தி. கழுத்துக்குக் கீழே எவளோ ஒருத்தி, துணியில்லாமல். மனுவை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சொசைட்டி குரூப்பில் வரும் என்று இந்தியில் எழுதியிருந்தது. பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர், இது என்ன பெரிய பதவி, விட்டுத் தள்ளேன் என்றார். அவர் மேல் வந்த எரிச்சலில்தான் அன்றைக்கு வாபஸ் வாங்காமல் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

ஞாயிறு காலை சொன்னபடியே வந்தது. ஒரு மணி நேரத்தில் கமிட்டி அவசரக் கூட்டம் போட்டது. ஏழு பேரும் ஆண்கள். எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று ஹாலுக்கு வெளியே நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். கிரிக்கெட் பார்க்க வாங்கிய பெரிய டிவி அந்த ஹாலில்தான் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி முதலிலிருந்து கேட்டது. யாரோ ஜூம் பண்ணச் சொன்னார். எழுந்து போயிருக்கலாம், போகவில்லை.

வெளியே வந்த தலைவர் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். காலமெல்லாம் ஃபைல் பார்த்த மனிதர், எதையும் வாய்வார்த்தையாக விடமாட்டார். கமிட்டி உறுப்பினர்கள் அனைவரும் மேற்படி வீடியோவை ஹாலில் திரையிட்டு, கவனமாகப் பார்வையிட்டு, அதில் இருப்பது நான் அல்ல என்று ஏகமனதாக முடிவு செய்ததாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கீழே ஏழு கையெழுத்து, தேதி, ரப்பர் ஸ்டாம்ப். நான் நன்றி சொல்வேன் என்று ஏழு பேரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். ஒருத்தர் டிவியை அணைக்க உள்ளே போனார். போலீஸுக்குப் போகிறேன் என்றதும் தலைவருக்கு முகம் மாறியது.

“என்ன கேஸ் மேடம் போடுவீங்க? உடம்பு உங்களுது இல்லையே. யாரும் உங்களைத் தொடலையே. கம்ப்யூட்டர்ல செஞ்ச பொம்மையெல்லாம் குற்றம்னா நாடு தாங்குமா?”

“உங்க வீட்டம்மா மூஞ்சிய வச்சு, இதே டிவில, இதே ஏழு பேரும் பார்த்தா பொம்மைன்னு சொல்வீங்களா சார்?”

கேட்டிருக்கக் கூடாதுதான். அந்த அம்மா என்ன பாவம் செய்தார். ஆனால் கேட்டது கேட்டதுதான். அவர், தீர்மானம்தான் உங்கள் பக்கம் இருக்கிறதே, குடியிருப்பின் மானத்துக்காக மனுவை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். மிரட்டியவன் கேட்டதும் இதையேதான். இவர் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை வேலைக்கு வந்தவள் அடுக்களை வாசலில் நின்றாள். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி தன் போனில் அவளுக்கும் அதைப் போட்டுக் காட்டியிருக்கிறான்.

“காமிச்சான்க்கா. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அது நீங்களோ இல்லியோ, அத நான் எதுக்குப் பாக்கணும்?”

சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். ஏழு பேரில் ஒருத்தனுக்குக்கூட அது தோன்றவில்லையே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அன்றைக்கே லீவு போட்டுவிட்டு சைபர் போலீஸ் நிலையத்துக்குப் போனேன்.

அங்கிருந்த பெண் இன்ஸ்பெக்டர் என் புகாரைப் படித்துவிட்டு, இதைச் செய்தவன் யாரென்று தெரியுமா என்று இந்தியில் கேட்டார். தெரியாது, ஆனால் ஹாலில் போட்டுக் காட்டியவர்களைத் தெரியும் என்றேன். ஆதாரம் உண்டா என்றார். தீர்மானத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். பேனா முனையால் கையெழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். தாங்களே எழுதிக் கொடுத்தார்களா என்று கேட்டார். ஆமாம், ஸ்டாம்ப் வைத்து, என்றேன்.

படிவத்தில் எதிராளியின் பெயர் கேட்கும் இடம் வந்தது. முதலில் தெரியாத நபர் என்று எழுதினேன். அதன் கீழே ஏழு பெயரையும், அவர்கள் கையெழுத்துப் போட்ட வரிசையிலேயே எழுதினேன். தலைவர் பெயர் முதலில். என் வேட்புமனுவை நான் வாபஸ் வாங்கவில்லை.