நல்ல தண்ணீரில் கழுவிய விளக்கு

அன்றைக்கு வாசலில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, அவளுடைய தம்பி, எதிர்வீட்டு மதினி, மதினியின் இரண்டு வெள்ளாடுகள். சாயங்காலம் தண்ணீர் வண்டிக்காரர் வந்து சேர்ந்துகொண்டார். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடக் காரணம் இருக்கிறது. திருச்சுழி கார் ஸ்டாண்டில் என் மச்சினன் இந்தக் கதையைச் சொல்லும்போது நான் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுத்த ஆளாகிவிடுகிறேன். மதினி சொன்னால் யோசனையெல்லாம் அவருடையது. ஆடுகளுக்கு மட்டும்தான் இதில் பங்கு கேட்கத் தெரியவில்லை.

என்னிடம் இருப்பது பழைய வெள்ளைக் கார். இன்னொருவர் பல வருடம் ஓட்டி முடித்ததை லோன் போட்டு வாங்கினேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனராக ஏறி, பிறகு அடுத்தவர் வண்டிகளுக்கு டிரைவராகி, கடைசியில்தான் சொந்தமாக ஒரு ஸ்டியரிங் கிடைத்தது. அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் களை எடுத்தவர்கள். எங்கள் தெருவில் வாசலில் நின்ற முதல் கார் அதுதான். பெருமைப்பட வேண்டிய விஷயம். நானோ வாங்கிய நாளிலிருந்து பயந்துகொண்டே இருந்தேன். டயரில் காற்று இறங்கியிருக்குமோ, கதவைப் பூட்டினேனோ இல்லையோ, அடியில் எண்ணெய் சொட்டுகிறதோ என்று எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பேன்.

"அந்தக் காரு ஒங்களவிட நிம்மதியாத் தூங்குது" என்பாள் மனைவி.

நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. பயப்படாமல் விட்ட ஒன்று நடந்தது. எங்கள் பக்கத்து வெயிலில் நின்று நின்று முன்விளக்குகளின் பிளாஸ்டிக் மூடி மஞ்சள் பிடித்துவிட்டது. காமாலை வந்தவன் கண் மாதிரி இருக்கும். பல்பை மாற்றிப் பார்த்தேன், பிரயோஜனம் இல்லை. வெளிச்சம் உள்ளேயே மங்கி, வண்டிக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்து கிடக்கும்.

வாரத்தில் மூன்று நாள் எனக்கு நிரந்தர வாடகை ஒன்று உண்டு. நரிக்குடிப் பக்கத்தில் ஓர் அம்மாவுக்கு டயாலிசிஸ். விடிவதற்கு முன்னால் போய் அவரையும் அவர் வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும், முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். கல்யாணம், காதுகுத்து வாடகையெல்லாம் வரும், வராமலும் போகும். லோனைக் கட்டுவது அந்த அம்மாவின் வாடகைதான்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை இருட்டில் ஒரு கண்மாய்க்கரை வளைவில் ஆட்டு மந்தை ரோட்டைக் கடந்தது. நல்ல விளக்காக இருந்தால் ஆடுகளின் கண்கள் தூரத்திலேயே மின்னிவிடும். எனக்கு ஒன்றும் மின்னவில்லை. கிட்டே போன பிறகு ரோடே எழுந்து நடப்பதுபோல் தெரிந்ததும் பிரேக்கை மிதித்தேன். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்சீட்டில் இருந்த அம்மாவின் கை முன்சீட்டில் மோதிவிட்டது. ஊசி ஏற்றுகிற கை அது. அருப்புக்கோட்டை வரும்வரை அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்தபடியே வந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார்கள். எனக்குத்தான் பயம் போகவில்லை.

அன்று மாலை அவர் மகன் திருப்பூரிலிருந்து போன் பண்ணினார். "அண்ணே, கோவத்துல சொல்லல. அம்மா வாயே தொறக்கல, அப்பாதான் சொன்னாக. திங்கக்கெழம லைட்டு சரியா இருந்தா நீங்களே வாங்க. இல்லன்னா சொல்லிருங்க, நான் வேற வண்டி பேசிக்கிடுறேன்."

அதில் என்ன தப்பு? நான் மகனாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை அருப்புக்கோட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய்ப் புது விளக்கு விலை கேட்டேன். சும்மா கேட்டவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கூட வந்த மச்சினன் அதற்குள் போனில் ஒரு வீடியோவைப் பிடித்துவிட்டான். அவன் மில்லில் வேலை பார்க்கிறவன், லீவு நாளில் எதையாவது கழற்றாமல் இருக்க மாட்டான்.

"மச்சான், இத வீட்லயே தேச்சு எடுத்துரலாம். மஞ்ச மேல்தோல்லதான் இருக்காம். தோல உரிச்சா கண்ணாடி."

"உரிக்கப் போயி ஓட்ட விழுந்துருச்சுன்னா?"

"இப்ப மட்டும் என்னத்தத் தெரியுது?"

திரும்பக் கடைக்குள் போனோம். மூன்று நம்பரில் தேய்க்கிற வாட்டர் பேப்பர், பாலிஷ் பண்ணுகிற காம்பவுண்டு, ஓரத்தில் ஒட்டுகிற பேப்பர் டேப்பு, மேலே அடிக்கிற கிளியர் ஸ்பிரே ஒரு டப்பா. ஸ்பிரே விலையோடு என் சட்டைப்பை காலி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மதினி ஆடுகளைத் தெருவில் தள்ளி இருந்த வேப்பமரத்தில் கட்டிவிட்டு வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தார். எங்கோ கேள்விப்பட்டதை நம்பி மனைவி முதலில் பற்பசையைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கொழுந்தனாரே, காருக்குப் பல்லு வெளக்கி விடுறீகளா? அப்பிடியே காப்பியும் குடுத்துருங்க."

பற்பசை கொஞ்சம் பளபளப்புக் காட்டிவிட்டுக் காய்ந்ததும் கைவிட்டது. பிறகு வாட்டர் பேப்பரை எடுத்தோம். விளக்கைச் சுற்றி டேப் ஒட்டி, பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, தண்ணீரை ஊற்றிக்கொண்டே தேய்க்க வேண்டும். முதலில் சொரசொரப்பான தாள், அப்புறம் அதைவிட நைசு, கடைசியில் விரலுக்குத் தெரியாத அளவு நைசு. மஞ்சள் பாலாக வழிந்து பம்பரில் இறங்கியது. அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. துடைத்துப் பார்த்தால் விளக்கு முழுக்க வெள்ளைக் கீறல். உள்ளே பல்பு இருக்கிற இடமே தெரியவில்லை.

"காமாலக் கண்ணு போயி பூ விழுந்த கண்ணு ஆயிருச்சே" என்றார் மதினி.

மச்சினன் போனைக் காட்டி, "இப்பிடித்தான் ஆகுமாம் மச்சான், பதறாதீக" என்றான். பதறாமல் இருக்க நான் எங்கே படித்தேன். ஆனாலும் கையை நிறுத்தவில்லை. இரண்டு விளக்கையும் மாறி மாறித் தேய்த்து, காம்பவுண்டு போட்டுப் பாலிஷ் பண்ணி, ஒரு வாளித் தண்ணீரால் அலசிக் காயவிட்டேன். இடது விளக்குக்கு முதலில் ஸ்பிரே அடித்தான் மச்சினன்.

அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வது? வெள்ளைக் கீறலெல்லாம் கண்முன்னால் மறைந்து விளக்கு திறந்துகொண்டது. உள்ளே வெள்ளிக் கிண்ணம், நடுவில் பல்பு, பல்புக்குள் கம்பி வரை தெரிந்தது. மதினிகூட எழுந்து வந்து குனிந்து பார்த்தார். மச்சினன் போட்டோ எடுத்து உடனே ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறோம், ஸ்பிரேக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. தேமல் படர்ந்த மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. மேலே தடவினால் வழவழப்பு, புள்ளி உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது.

"டூப்ளிகேட் ஸ்பிரே மச்சான். வாங்க, கடைல போயி கேப்போம்."

"ஞாயித்துக்கெழம மத்தியானம் எந்தக் கடைடா தொறந்திருக்கும்?" என்றாள் அவன் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "விடுங்க, எரியத்தான செய்யிது" என்றாள்.

எரிந்தது உண்மைதான். சுவரில் அடித்துப் பார்த்தால் வெளிச்சம் சிதறிப் புகையாக விழுந்தது. அந்த அம்மா தன் கையைப் பிடித்தபடி வந்தது ஞாபகம் வந்தது. அவர் மகனுக்கு நானே போன் பண்ணி, வேறு வண்டி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன்.

கவலை வந்தால் என் கை சும்மா இருக்காது. எதையாவது தடவிக்கொண்டே இருக்கும். டேப்புக்கும் விளக்குக்கும் நடுவில் தண்ணீர் தேங்கிக் காய்ந்த ஓரத்தில் விரலை ஓட்டினேன். மாவு மாதிரி ஏதோ ஒட்டியது. காம்பவுண்டாக இருக்குமோ என்று மோந்து பார்த்தேன், வாசனை இல்லை. நாக்கில் வைத்தேன்.

"ஏ பிள்ள, இங்க வா, ஒம் புருசன் கார நக்கிப் பாக்காக" என்று மதினி கூப்பிட்டார்.

உப்பு.

எங்கள் வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. போர்வெல்லில் வருகிற உப்புத் தண்ணீர் குளிக்க, துவைக்க, கழுவ. குடம் கணக்கில் வண்டியில் வாங்குகிற நல்ல தண்ணீர் குடிக்க, சோறு வைக்க. கழுவுகிற வேலை என்றால் கை தானாகப் போர்க் குழாய்க்குப் போகும். நல்ல தண்ணீரில் கை கழுவினாலே வீட்டில் ஒரு பார்வை விழும். அந்த வீடியோக்காரர் தண்ணீர் ஊற்றித் தேயுங்கள் என்று மட்டும் சொன்னார். அவர் ஊரில் ஒரே தண்ணீராக இருக்கலாம். எங்கள் குழாய் மூக்கிலும் வாளி விளிம்பிலும் தினமும் வெள்ளையாகப் பூக்கிற அதே உப்பு, விளக்கில் காய்ந்து ஸ்பிரேக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. நாங்கள் அத்தனை பேரும் பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில் குளிப்பவர்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நல்ல தண்ணி ஒரு கொடம் குடு" என்றேன்.

மனைவி நம்பாமல் பார்த்தாள். "குடிக்கிற தண்ணியக் காரு மூஞ்சில ஊத்தவா? இருக்கதே ரெண்டு கொடம். இனி வண்டி நாளக் கழிச்சுத்தான்."

விரலை நீட்டினேன். அவளும் நாக்கில் வைத்துப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு குடத்தை இடுப்பில் கொண்டுவந்து இறக்கினாள். "இது ஒண்ணுதான். இன்னொண்ணு சோத்துக்கு."

இடது விளக்கின் ஸ்பிரேயைத் தேய்த்து எடுக்கவே அந்தக் குடம் சரியாகப் போய்விட்டது. அப்புறம் அலச வேண்டும். வலது விளக்கும் உப்பில் அலசியதுதான், அதையும் மறுபடி நைசுத் தாளில் தேய்த்துக் கழுவ வேண்டும். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் தண்ணீர் வண்டி மிச்சத் தண்ணீரோடு ஊருக்குத் திரும்பி வந்தது. மனைவி ரோட்டில் இறங்கி மறித்தாள்.

"காலைலதான பிடிச்சீக, விருந்தாளி வந்திருக்காகளா?" என்றார் வண்டிக்காரர்.

"காருக்கு."

அவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். இரண்டு குடம் பிடித்துக் கொடுத்தார். நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மச்சினனைப் பார்த்தேன். நாள் முழுக்க வீடியோ ஓடிய அவன் போன் செத்துக் கிடந்தது, அதில் பணம் அனுப்பவும் வழியில்லை.

"வெளிச்சத்தப் பாத்துட்டு வாங்கிக்கிடுறேன். எரியலன்னா தண்ணி எங் கணக்கு" என்றார்.

இந்தத் தடவை மச்சினனைத் தொடவிடவில்லை. நானே தேய்த்தேன், நானே அலசினேன். ஒரு துளிகூடத் தானாகக் காயவிடாமல் மனைவியின் பழைய நூல் சேலையால் ஒற்றி எடுத்தேன். புழுதி எழாமல் இருக்க மதினி வாசலில் தண்ணீர் தெளித்தார், உப்புத் தண்ணீர்தான். காற்றுக்கு மறைப்பாக மனைவியும் மச்சினனும் ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டப்பாவை ஆட்டிப் பார்த்து, மீதி போதுமா என்று பயந்து பயந்து இரண்டு விளக்குக்கும் மெல்லிசாக அடித்தேன். போதும்போதாமல் தீர்ந்தது.

புள்ளி வருமா என்று எல்லோரும் குனிந்து பார்த்தபடியே இருந்தோம். வரவில்லை.

மசங்கும் நேரத்தில் வண்டிக்குள் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டேன். தெருக்கடைசிச் சீமைக்கருவேலம் வரை வெள்ளையாக ரோடு விரிந்தது. வேப்பமரத்தடியிலிருந்து நான்கு கண்கள் பச்சையாக மின்னி என்னைப் பார்த்தன. மதினியின் ஆடுகள். அத்தனை தூரத்தில் மின்னின. நான் விளக்கை அணைத்து மறுபடி போட்டேன். மறுபடி மின்னின. இன்னொரு தடவையும் போட்டேன்.

"போதும் கொழுந்தனாரே, ஆட்டுக்குக் கிறுக்குப் பிடிச்சிரும்" என்றார் மதினி. அவர் குரலிலும் கொஞ்சம் பெருமை இருந்தது.

திங்கட்கிழமை அதே கண்மாய்க்கரை வளைவில் ஆடுகள் இல்லை. இருந்திருந்தால் பார்த்திருப்பேன். அந்த அம்மா எப்போதும் முன்சீட்டைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டு வருவார். அன்று திருச்சுழி வருவதற்கு முன்பே கையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். அவர் வீட்டுக்காரர் மகனுக்குப் போன் போட்டுத் தாழ்ந்த குரலில், "அதே வண்டிதான்ப்பா. இவரே வரட்டும்" என்றார். கண்ணாடியில் என் முகத்தை அவர் பார்த்துவிடக் கூடாதென்று ரோட்டை மட்டும் பார்த்தேன்.

திருச்சுழி தாண்டியதும் எதிரே தண்ணீர் வண்டி வந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு வண்டிக்காரர் சத்தம் போட்டார். "டிம் பண்ணுங்கண்ணே, கண்ணு கூசுது."

வாழ்நாளில் என்னை யாரும் அப்படித் திட்டியதில்லை. டிம் பண்ணினேன்.

வண்டிக்காரர் எங்கள் வீட்டுப்பக்கம் வரும்போதெல்லாம் பணத்தை நீட்டுகிறேன். "கண்ணு கூச்சம் தெளியட்டும்ணே" என்று சிரித்துவிட்டுப் போகிறார். கடன் வைத்துப் பழக்கமில்லாதவன் நான், அதுவும் ஒரு கவலையாக இருக்கிறது. டேஷ்போர்டில் பத்து ரூபாய் நோட்டுகளாக மடித்தே வைத்திருக்கிறேன். இரண்டு குடம் நல்ல தண்ணீர், பாக்கி முப்பது ரூபாய்.