இழுத்த பக்கம் போகாத இலைகள்

சர்மினியைப் பற்றி எழுத என்னைவிட நெருங்கியவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் கூடினாலே எனக்குப் பேச்சு வராது. எழுதத்தான் முடியும்.

அவள் இறந்த செய்தி வந்தபோது, பென்ரோஸ் புறநகரில் அப்பா வேலை செய்யும் கிடங்கின் வாசலில் அவரை அழைத்துப்போகக் காத்திருந்தேன். மூளையில் இரத்தக்கசிவு என்றார்கள். அன்று காலையில்தான், "கிளிப் வாங்கி வாரும், மறவாதையும்" என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

நாங்கள் ஒரே ஆய்வுகூடத்தில் முனைவர் பட்ட மாணவிகள். சர்மினி இளம் அவரைச் செடியின் இலை நுனியில் கிளிப் மாட்டி, சிறு எடையைத் தொங்கவிடுவாள். இழுத்தால் இலை நீளும் என்றுதான் நான் நினைத்தேன். "அப்பிடியெண்டால் இந்த ஊர்க் காத்துக்கு எல்லா இலையும் கயிறாப் போயிருக்குமப்பா!" என்று சிரித்தாள். செல்கள் இழுபடும் திசையிலேயே தம் சுவரில் நார்களை அடுக்கி, அந்த இழுப்பை எதிர்த்து நிற்கின்றன. இலையின் வடிவத்தில் அந்த எதிர்ப்புக்கு எவ்வளவு பங்கு என்பதை அவள் அளந்துகொண்டிருந்தாள்.

ஒருமுறை ஆய்வுக்கூட்டத்தில் என் வரைபடத்தை விளக்க முடியாமல் நின்றேன். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"உம்மட வீட்டில முதல் பட்டதாரி நீர்தானே? பிறகேன் களவெடுத்த ஆள் மாதிரி நிக்கிறீர்? கதையும்!"

"ஆமா, அடுத்த தடவை பேசுறேன்."

"ஓம், ஓம். பேராசிரியர் ஓய்வு பெற்றாப் பிறகு."

இறுதிச்சடங்கில் பேசியவர்கள் இவளைத்தான் 'அடக்கமான பிள்ளை' என்றார்கள். இலையைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

ஆய்வுகூடத்தில் இடம் கிடைக்காததால், கடைசிச் செடிகளைக் கிளென் ஈடனில் தன் வீட்டு வரவேற்பறைச் சன்னலோரம் வளர்த்தாள். அவை இல்லாமல் அவளுடைய ஆய்வு முடியாது. போன வாரம் அவள் அம்மாவிடம் விசாரித்தேன்.

"துக்கம் விசாரிக்க வந்த சனம் கிளிப்பெல்லாம் கழட்டிவிட்டுட்டுதுகள், பிள்ளை. இலையள் பாவமெல்லே" என்றார். பிறகு, "ஒவ்வொருத்தரும் தடவிப் பாத்து அழுதவை" என்றார்.

அன்பால் செய்ததை யாரிடம் போய்க் கடிந்துகொள்வது? ஓயாமல் தொட்டாலே இலையின் வளர்ச்சி மாறிவிடும் என்று அழுகிற தாயிடம் எப்படிச் சொல்வது? "சரிங்க அன்ரி" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது எந்த மரத்தைக் கடந்தாலும், காற்று அதை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று நின்று பார்க்கிறேன். அவளிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு அவள் வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வரவேற்பறையில் இடம் போதாமல் அவள் குளியலறைச் சன்னலில் வைத்த மூன்று தொட்டிகள் யார் கண்ணிலும் படாமல் தப்பியிருக்கின்றன. கிளிப் தொங்கினாலும் அந்தச் செடிகள் வதைபடவில்லை. தயவுசெய்து கை வைக்காதீர்கள். அன்ரி, நான் வந்து அளக்கும்வரை அந்தக் குளியலறைக் கதவைப் பூட்டி வையுங்கள்.