தாளில் இல்லாத பைண்டர்

எங்கள் அச்சகத்தில் வேலை செய்கிறவர்கள் யார் யார் என்று சொல்லி ஒரு தாள் அடித்தார்கள். போட்டோ, பதவி, வயது, படிப்பு, அனுபவம் என்று கட்டம் கட்டி, பளபளவென்று ஆர்ட் பேப்பரில் அடித்த தாள். அதில் பாதி பொய். மீதிப் பாதியில் நான் இல்லை. நான் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். இருந்தாலும் அந்தத் தாளை அப்படியே விட எனக்கு மனசில்லை. எங்கள் ஆட்கள் யார் என்று நானே எழுதிவிடுகிறேன்.

கல்மண்டபத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். அந்த வரிசைக்குப் பின்னால் ஒரு சந்து. அதில்தான் எங்கள் கடை. முன்னால் ஒரு மேசையும் கம்ப்யூட்டரும், நடுவில் மெஷின், கடைசியில் பேப்பர் வெட்டுகிற மெஷினும் என் பலகையும். கல்யாணப் பத்திரிகை, மாதா கோயில் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், மீன் கம்பெனி பில் புக் எல்லாம் அடிப்போம். அடித்து வருவதை வரிசை சேர்ப்பது, மடிப்பது, தைப்பது, ஒட்டுவது என் வேலை. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

தாள் எதற்கு என்றால், எண்ணூர்ப் பக்கத்துக் கெமிக்கல் கம்பெனி ஒன்று எங்களுக்கு ஆர்டர் தருவதாக இருந்தது. பேர் வேண்டாம். கம்பெனியைச் சுற்றி இருக்கிற வீடுகளுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுக்க வேண்டுமாம். சைரன் அடித்தால் என்ன செய்வது, மூக்கை எப்படி மூடுவது, எந்தப் பக்கம் ஓடுவது என்று போட்ட புத்தகம். அது நல்லபடியாக முடிந்தால் அவர்களுடைய மற்ற அச்சு வேலைகளும் வருடம் முழுக்க நமக்குத்தான் என்றார்கள். அதற்கு முன்னால் கடையில் இருக்கிற ஆட்களின் விவரம் வேண்டும், அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், அந்தத் தாளில் இருப்பவர்கள் தவிர வேறு யாரும் கம்பெனி வேலையைத் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

தாளில் முதல் கட்டம் முதலாளி. ‘நிர்வாக இயக்குநர்’ என்று போட்டிருந்தது. பேப்பர் பண்டல் ஆட்டோவில் வந்து இறங்கினால் பனியனோடு ஓடிப்போய்த் தோளில் தூக்கி வருகிறவர் அவர்தான். யார் வந்து எதைக் கேட்டாலும் நாளைக் காலையில் தருகிறேன் என்பார். மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார், வந்தவர்களுக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா காலத்திலேயே நான் வேலைக்கு வந்துவிட்டதால் என்னை யக்கா என்றுதான் கூப்பிடுவார். கெட்ட மனுஷன் இல்லை. பயந்த மனுஷன். பெரிய இடத்து ஆட்கள் முன்னால் நின்றால் பயத்தில் அவர் வாயில் செய்தி வாசிக்கிற தமிழ் வந்துவிடும்.

இரண்டாவது கட்டம் மெஷின்காரர். ‘தலைமை இயந்திரப் பொறியாளர்’ ஆக்கியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு, எங்க வூட்டுக்காரிகிட்ட காட்டணும் யக்கா, ஒரு காப்பி குடு என்றார். துறைமுகத்தில் மூட்டை தூக்கி முட்டி போன பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவர். மெஷின் ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று நினைத்தால் தப்பு, காதால் வேலை பார்க்கிறார். கடல் ஈரத்தில் எங்கள் பக்கத்தில் தாளோடு தாள் ஒட்டிக்கொள்ளும். இரண்டு தாள் ஒன்றாக உள்ளே போனால் சத்தம் மாறுமாம், உடனே நிறுத்திவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்கக் கையை நீட்டும்போது நகமெல்லாம் மையாக இருக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. புதிதாக வருகிற சாமியார் ஒவ்வொருவரும் ஒரு தடவை அந்தக் கையை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம்.

மூன்றாவது கட்டம் கம்ப்யூட்டர் பெண். தாளில் உண்மை எழுதியிருந்தது இவளுக்கு மட்டும்தான், அவள் பட்டம் வாங்கியவள். கொருக்குப்பேட்டையிலிருந்து வருகிறாள். கூட்ஸ் வண்டிக்காக கேட் மூடினால் அரை மணி நேரம் தாமதமாகும், முதலாளி திட்டுவார், அவள் போனில் எடுத்த வண்டியின் படத்தைக் காட்டுவாள். தாளில் எழுதாதது ஒன்று உண்டு. செத்தவர்களுக்குச் சட்டை போடுகிறவள் அவள். கடலுக்குப் போகிற ஆள் செத்துப்போனால் வீட்டில் இருக்கிற ஒரே போட்டோ படகு மேல் வெற்றுடம்போடு எடுத்ததாக இருக்கும். அவள் கழுத்துக்குக் கீழே வெள்ளைச் சட்டை ஒட்டி, காலரைச் சரி செய்து, முகத்தில் விழுந்த வலையின் நிழலை எடுத்துவிடுவாள். போஸ்டரைப் பார்த்து அந்த வீட்டுப் பெண்கள் அழுவார்கள். இப்படி ஒரு சட்டை அவரு போட்டதே இல்லியே என்று ஒரு அம்மா அழுதது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

நாலாவது கட்டத்தில் முதலாளியின் சகலை சிரித்துக்கொண்டிருந்தார். ‘பைண்டிங் மேற்பார்வையாளர், டிப்ளமோ, வயது நாற்பத்திரண்டு.’ அவர் தண்டையார்பேட்டையில் செல்போன் கடை வைத்திருக்கிறார்.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், அந்தத் தாளைக் கோப்பில் சேர்த்துக் கட்டச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார்கள். நான் எதைக் கட்டினாலும் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுத்தான் கட்டுவேன். நாலாவது கட்டம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. ஐந்தாவது கட்டம் இருக்கும் என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறும் வெள்ளை. ஓட்டை போட்டு, விளிம்பு ஒட்டி, கோணல் இல்லாமல் கட்டினேன். அதன் பிறகுதான் முதலாளியிடம் போனேன்.

அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டே பேசினார். “சிக்ஸ்டிக்கு மேல லிஸ்ட்ல ஏத்தமாட்டாங்களாம் யக்கா. சர்ட்டிபிகேட்டு வேற கேக்கறாங்க. அவுங்க வர்ற அன்னிக்கு மட்டும் நீ லீவு போட்டுக்க.”

“அப்பால?”

“அப்பால பாத்துக்கலாம்.”

அப்பால என்ன என்று எனக்குத் தெரியும். வருடம் முழுக்க கம்பெனி வேலை வந்தால், அதைத் தொடக்கூடாத ஆளுக்கு இந்தக் கடையில் என்ன வேலை? முப்பது வருடப் பலகையை ஒரு நாள் லீவில் காலி செய்யச் சொல்கிறார். வீட்டுக்கு எர்ணாவூர் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். எப்போதும் அப்படித்தான். எனக்கு வாய் திறப்பது பஸ் ஏறின பிறகுதான்.

அதிகாரி வருகிற நாள் வந்தது. நான் வழக்கத்தைவிட முன்னாலேயே போய், ஷட்டர் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். முதலாளி சாவியோடு வந்தார், என்னைப் பார்த்தார், தலையில் கை வைத்தார். நான் அவரைத் தாண்டி உள்ளே போய் என் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு கட்டு பில் புக்கை எடுத்து வரிசை சேர்க்க ஆரம்பித்தேன். சகலை புதுச் சட்டை போட்டு, அதன்மேல் ஒரு ஏப்ரன் கட்டி வந்திருந்தார். அது மீன் வெட்டுகிறவர்கள் கட்டுகிற ஏப்ரன். மெஷின்காரர் அவரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “வஞ்சிரம் கிலோ இன்னா வெல?” என்றார்.

அதிகாரி நல்ல மாதிரியான ஆள்தான். வியர்த்து வழிந்துகொண்டு வந்தார். தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்து டிக் போட்டார். பிறகு மாதிரிக்காக நாங்கள் அடித்து வைத்த புத்தகம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். “ஸ்டேப்ளர் பின் அடிக்கத்தானே சொல்லியிருந்தோம். ஏன் நூல் போட்டிருக்கீங்க?” என்று சகலையைக் கேட்டார்.

சகலை முதலாளியைப் பார்த்தார். முதலாளி மெஷின்காரரைப் பார்த்தார். மெஷின்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

“அது வந்து சார், இப்ப இதான் ஃபேஷன்” என்றார் சகலை.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் புத்தகம் போகப்போவது கம்பெனியை ஒட்டி இருக்கிற என் தெருவுக்கு. எங்கள் பக்கம் சில நாள் ராத்திரியில் கண் எரியும், தொண்டை அடைக்கும், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ரோட்டில் நிற்பார்கள். ஃபேஷனுக்காக நான் அதைத் தைக்கவில்லை.

“பின்னு கடக் காத்துல துரு புட்ச்சிக்கும் சார்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. எழுந்து நின்று மறுபடி சொன்னேன். “இது வூட்ல ஆணில மாட்டி வெக்கற புக்கு. பின்னு துரு புட்ச்சா நடுப் பக்கந்தான் மொதல்ல வுழும். எந்தப் பக்கம் ஓடணும்னு அதுலதான் போட்டுகீது.”

அதிகாரி என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். “இந்தம்மா யாரு?”

“நம்மிடம் தேநீர் கொடுக்க வருபவர், ஐயா” என்றார் முதலாளி.

அதிகாரி சிரித்தார். “அப்ப ஒரு டீ சொல்லுங்கம்மா, வெயில் தாங்கல.”

“டீக்கடை எதுத்தாப்ல கீது சார். நான் பைண்டரு. அந்தப் புக்க தெச்சது நான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். முகமெல்லாம் கொதித்தது. புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மூடவில்லை.

சகலைக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. ஏப்ரனை அவிழ்த்து நாற்காலி மேல் போட்டார். “உட்டுடுங்க சார். நான் செல்லு கட வெச்சிகிறேன். கடைய மூடிட்டு வந்துகிறேன். ஆயா சொல்றதுதான் நெசம்.”

யாரும் எதுவும் சொல்வதற்குள் கம்ப்யூட்டர் பெண் போனோடு என் முன்னால் வந்து நின்றாள். “ஆயா, இங்க பாரு” என்றாள். நான் அவளையே பார்த்தேன். ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்த் தட்ட ஆரம்பித்தாள். வயது கேட்டாள். அறுபத்தேழு என்றேன். மெதுவாக, “அம்பத்தெட்டுனு போட்டுடட்டா?” என்றாள். உள்ளதைப் போடச் சொன்னேன். புதுத் தாள் சூடாக வெளியே வந்தது. சகலை இருந்த கட்டத்தில் நான் இருந்தேன். கண் கொஞ்சம் பெரிதாக, யாரோடோ சண்டைக்குப் போகிறவள் போல.

முதலாளி அதில் கையெழுத்துப் போட்டு சீல் வைத்தார். மனசு மாறிப் போட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அதிகாரி முன்னால் சகலை உண்மையைச் சொல்லிவிட்டார், பழைய தாளைக் கொடுக்க முடியாது, அதனால் போட்டார். அதிகாரி வாங்கிப் படித்துவிட்டு, இந்த வயதை மேலே ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொன்னார். சொன்னபடியே ஆனது. ஆர்டர் வேறு எங்கோ போய்விட்டது.

முதலாளி பல நாள் என்னோடு பேசவில்லை. வேலையை என் பலகையில் வைத்துவிட்டுப் போவார். ஒரு நாள் தாங்க முடியாமல், உன்னாலதான் போச்சு என்றார். ஆமாம், என்னால்தான் போனது. மெஷின்காரர் புது மெஷின் வரும் என்று அதன் படத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். கம்ப்யூட்டர் பெண்ணுக்கு நல்ல நாற்காலி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நான் இல்லை என்று எழுதினால்தான் ஒரு வேலை கிடைக்கும் என்றால், அந்த வேலை போகட்டும். நான் தினமும் ஒன்பது மணிக்குப் போனேன். வராதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருப்பேன்.

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்துக்காரர்கள் வருடாந்திர மலர் அடிக்க வேண்டும் என்று வந்தார்கள். அவர்களும் ஆட்கள் விவரம் கேட்டார்கள். முதலாளி கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்று தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பதவியை அவரே அழிக்கச் சொல்லி ‘உரிமையாளர்’ என்று போடச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“யக்கா, நீ அஞ்சாவது பாஸா, ஃபெயிலா? படிப்பு கட்டம் காலியா கீது.”

“பாஸு” என்றேன். “என் கட்டத்த எல்லாருக்கும் கேக்கற மாரி சத்தமா படிச்சிட்டு அப்பால அடி.”