ஹில்ட்ரூட்டின் மணிக்கட்டு

எங்கள் ஊரில் ஒரு மணிக்கட்டு முப்பத்தேழு வருடம் வலித்தது. உருளைக்கிழங்கு சீவும்போது வலிக்காது. நிலக்கரி வாளி தூக்கும்போதும் வலிக்காது. ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தில் கம்பியைப் பார்த்தால் மட்டும் வலிக்கும். அதற்குச் சொந்தக்காரி எங்கள் சங்கத்தின் கோச் ஹில்ட்ரூட். எந்த டாக்டரும் காரணம் கண்டுபிடிக்கவில்லை; அவள் எந்த டாக்டரிடமும் காட்டவுமில்லை.

அவள் வெர்ரா ஆற்றின் அக்கரைக்காரி. போர் முடிந்த கையோடு, பாதிக் கூரை போன கூடத்தில் பழகியவள். தாழ்ந்த கம்பியில் வீசி ஆடி, இரண்டு கையையும் விட்டு, உயர்ந்த கம்பியைப் பிடிக்க வேண்டும். நடுவில் கண்ணிமைக்கும் நேரம் பிடிக்க ஒன்றுமே இருக்காது. அப்போது கீழே ஒருவர் கையேந்தி நிற்பது வழக்கம். ஹில்ட்ரூட்டுக்கு நின்றவள் பேக்கரிக்காரர் மகள் ரோஸ்விதா. கூரை ஒழுகியது, ஹில்ட்ரூட் விழுந்ததில்லை.

போருக்குப் பின் அக்கரை கிழக்கு நாடு, இக்கரை மேற்கு நாடு என்று ஆகியிருந்தது; ஐம்பத்திரண்டில் எல்லையை மூடினார்கள். அதற்குள் ஹில்ட்ரூட் அப்பாவோடு இக்கரைக்கு வந்துவிட்டாள். ரோஸ்விதா நோயாளி அம்மாவோடு அங்கேயே தங்கிவிட்டாள்.

இங்கே முதல் போட்டி. கீழே நின்றவர் எக்பர்ட், மலை போன்ற மனிதர். ஹில்ட்ரூட் ஆடினாள், ஆடினாள், கையை விடவேயில்லை. இறங்கிவிட்டாள்.

“என்னம்மா, நான் பிடிக்கமாட்டேனா? பசுமாட்டையே பிடிச்சிருக்கேன்.”

“அதுக்கில்லண்ணே. மணிக்கட்டு வலிக்குது.”

அன்றே கட்டுத்துணி ஏறியது. இருபத்திரண்டு வயதில் கோச் ஆனாள். ஊர்ப் பெண்களெல்லாம் அவள் கைக்குள் விழுந்து எழுந்தார்கள். ரோஸ்விதா கல்யாணமாகி, எல்லைக்கு அந்தப் பக்கமே பால்டிக் கடற்கரைக்குப் போனாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஹில்ட்ரூட் காப்பிப்பொடி அனுப்புவாள். பதில் கடிதம் ஒரே கேள்வியில் முடியும்: “இப்போ உன் கீழ யாருடி நிக்கிறது?” ஹில்ட்ரூட் வானிலையைப் பற்றி எழுதுவாள்.

எண்பத்தொன்பது நவம்பரில் எல்லை திறந்தது. வந்தவர்களெல்லாம் அங்கே கிடைக்காத வாழைப்பழம் வாங்கக் கடைக்கு ஓட, மருமகனின் புகை கக்கும் காரில் வந்த ஒருத்தி மட்டும் நேரே கூடத்துக்கு வந்தாள். வாசலில் காவலாளி க்னாவ்ஃப்.

“வெளிச் செருப்போட உள்ள வரக்கூடாது.”

“எல்லையையே திறந்துட்டாங்கய்யா.”

“திறந்துட்டாங்க. அது என் தரைக்குத் தெரியாதே.”

ரோஸ்விதா காலுறையோடு உள்ளே போனாள்.

“குண்டாயிட்டேடி,” என்றாள் ஹில்ட்ரூட்.

“பிடிக்கிறதுக்கு வாட்டமா இருக்கட்டும்னுதான். மணிக்கட்டு எப்படியிருக்கு?”

ஹில்ட்ரூட் கட்டுத்துணியை அவிழ்த்தாள். ஸ்டூல் போட்டுக் கம்பியைப் பிடித்தாள்.

“நிக்கிறியா?”

“நிக்காம எங்க போறேன்.”

ஒரு வீச்சு, இரண்டு வீச்சு. ஐம்பத்தொன்பது வயதில் உயர்ந்த கம்பியெல்லாம் எட்டாது. ஆனால் கையை விட்டாள். விலாவுக்குக் கீழே, அதே பழைய இடத்தில், இரண்டு உள்ளங்கைகள் வந்து சேர்ந்தன. பிறகு இருவரும் மெத்தையில் உருண்டார்கள்.

“இன்சூரன்ஸ் இருக்கா உங்களுக்கு?” என்றார் க்னாவ்ஃப்.

நாலு மணிக்கு வெளியே ஹாரன் அடித்தது.

“இங்கயே இருந்துடேன்டி.”

“பேரப்பிள்ளைங்க அங்க இருக்குதுங்களே.”

கார் போன பின்னும் புகை கொஞ்ச நேரம் நின்றது.

செவ்வாய்க்கிழமை பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். “கோச், கையை விட்டு ஆடினீங்களாமே. எங்களுக்கும் ஒரு தடவை காட்டுங்க.”

ஹில்ட்ரூட் கம்பிக்குக் கீழே, மெத்தையில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். கட்டுத்துணியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

“மணிக்கட்டு சரியில்லம்மா.”